12 போரை 20 போராக்குவது: பழைய இரட்டைக் குழலுக்கு ஸ்லீவ் போடும் வேலை

போன மார்ச்சில் ஒரு மழைநாள் மத்தியானம், ஷ்ராப்ஷையர் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய தோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பர்மிங்ஹாமில் என் பட்டறைக்கு வந்தார். உள்ளே அவருடைய அப்பாவின் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. போர் (bore) என்றால் குழல் துளையின் அளவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இதே ஊரில் செய்த பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி குழலுக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் வகை. கட்டையில் கை பிடிக்கும் இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மகளுக்கு 19 வயது. பறக்கவிட்ட களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு ஆடுகிறாள், 20 போரில்தான் கை பழகியிருக்கிறது. 12 போர் தோளில் இடிக்கிறதாம். தாத்தாவின் துப்பாக்கியை விட்டுவிடவும் மனமில்லை. "இதையே 20 போராக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். ஆனால் அந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் நான் வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். எப்போது முடியும், எப்போது கூடாது, வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும், வாங்கிப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் கோயம்புத்தூர் பீளமேட்டில் லேத் பிடித்துத் தொழில் கற்றவன். பம்ப்செட் என்ஜினுக்கு லைனர் அடித்த கை. இங்கே வந்து துப்பாக்கி வேலை பழகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்ஜின் லைனரும் இதுவும் ஒரே யோசனைதான்: தேய்ந்த துளைக்குள் புதுக் குழாயை இறக்குவது. வித்தியாசம், இதைச் சுடும்போது இரும்புக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. அதனால் இதை வீட்டு லேத்தில் முயற்சி செய்யாதீர்கள். பிரிட்டனில் இதைத் தொழிலாகச் செய்யப் பதிவு பெற்ற துப்பாக்கி வணிகராக இருக்க வேண்டும். நீங்கள் துப்பாக்கிக்குச் சொந்தக்காரரானால், பட்டறைக்காரரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

போர் என்ற எண்

எண் பெரிதானால் துளை சிறிதாகும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தத் துளையில் சரியாக நுழையுமோ அது 12 போர். 20 உருண்டைகளாக உருட்டினால் 20 போர். அளவில் சொன்னால் 12 போர் 0.729 அங்குலம், அதாவது 18.5 மி.மீ. 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14 மி.மீ. 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது நேரடியாக 0.410 அங்குல விட்டம்.

ஸ்லீவ் போட்டு மாற்றுவது என்றால் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்குத்தான். 20 போரை 12 ஆக்க முடியுமா என்று கேட்டும் போன் வருகிறது. அந்தக் குழலில் அதற்கு இரும்பு இல்லை, குழலை மாட்டும் இரும்புச் சட்டத்துக்கும் அந்த வலிமை கிடையாது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

முதலில் அளக்க வேண்டும்

குழலின் அடிப்பக்கத்துத் தட்டையான முகத்தில், அழுத்தச் சோதனையில் தேறியதற்கான முத்திரைகள் இருக்கும். பர்மிங்ஹாம் வேலையானால், 1954 விதிகளுக்குப் பிறகு நைட்ரோ, அதாவது புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததில் கிரீடத்துக்குக் கீழே பிஎன்பி என்று இருக்கும். பழைய துப்பாக்கிகளில் சில சமயம் 13/1 என்று ஓர் எண் வரும். அதைப் பார்த்து 13 போர் தோட்டா தேடி அலைந்தவரை எனக்குத் தெரியும். அது தோட்டாவின் எண் இல்லை. துளை அப்போது 0.719 அங்குலம் இருந்தது என்பதன் குறிப்பு. தோட்டா 12 போர்தான். அது வைர வடிவக் கட்டத்துக்குள் தனியாக அடித்திருக்கும்.

அடுத்து துளையை அளக்க வேண்டும். அடிமுனையிலிருந்து 9 அங்குலத்தில் அளப்பதுதான் இங்கே வழக்கம். 1954 விதிகளின்படி முத்திரை குத்திய பழைய குழலில், குறித்த அளவை விடத் துளை 10 தௌவுக்கு மேல் பெருத்திருந்தால் அந்தத் துப்பாக்கி புரூஃபுக்கு (அந்த அழுத்தச் சோதனைக்கு) வெளியே போய்விட்டது, பழைய முத்திரை இனிச் செல்லாது என்று பொருள். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் கோவையில் மைக்ரானில் யோசித்துப் பழகியவன். இங்கே வயதான கைவினைஞர்கள் எல்லோரும் தௌவில்தான் பேசுவார்கள். நானும் மாறிவிட்டேன்.

அதற்கப்புறம் சுவரின் கனம். இதற்கென்றே நீளக் கையுள்ள கேஜ் இருக்கிறது. குழலை அதில் செருகி, மெதுவாக உருட்டிக்கொண்டே முன்னும் பின்னும் நகர்த்தி, முள் எங்கே குறைகிறது என்று பார்ப்பேன். 20 தௌ, அதாவது அரை மி.மீ., இருந்தால்தான் தொழிலில் நிம்மதி. இது அரசு விதி இல்லை, பழக்கத்தில் வந்த எல்லை. அந்த விவசாயியின் துப்பாக்கியில் இடது குழல் ஓரிடத்தில் 15 தௌதான் இருந்தது. உள்ளே துருக்குழிகள் வேறு. யாரோ இரண்டு மூன்று முறை உள்ளே உரசிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுவர் போயிருக்கிறது.

குழல் எவ்வளவு கெட்டிருந்தாலும் ஸ்லீவ் போட்டு மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது அடிப்பாகமும் சட்டமும். அதனால் அதைத்தான் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைச் சட்டத்தில் மாட்டி மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குழலின் பின்முகத்துக்கும் சட்டத்தின் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது. கையில் பிடித்து லேசாக அசைத்தால் டக் டக் என்று ஒரு ஆட்டம் தெரியும். அதைச் சரிசெய்யாமல் புதுக் குழலுக்குச் செலவு செய்வது, அஸ்திவாரம் இறங்கிய வீட்டுக்கு மாடி எடுப்பது மாதிரி. குழலைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் அடிக் கொக்கிகள் குழலோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்ப்பேன். மயிரிழை விரிசல் தெரிந்தால் பேச்சே இல்லை, துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

லைனரா, ஸ்லீவா: எடைக் கணக்கு

போர் மாற்ற மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கழற்றி மாட்டும் உட்குழல். அமெரிக்காவில் ஸ்கீட் என்ற தட்டுச் சுடும் போட்டிகள் 12, 20, 28, 410 என்று நான்கு அளவிலும் நடக்கும். ஒரே 12 போர் துப்பாக்கியில் எல்லாவற்றையும் சுட, அலுமினியத்தில் செய்த முழுநீள உட்குழல்களைச் செருகிக்கொள்வார்கள். இதில் துப்பாக்கியை வெட்ட வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் பழையபடி 12 ஆக்கிக்கொள்ளலாம். குழல் நல்ல நிலையில் இருந்து, போர் மட்டும்தான் மாற வேண்டும் என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். குழலே கெட்டுப்போனவருக்கு இது உதவாது.

இரண்டாவது, பழைய குழல் முழுவதும் அப்படியே இருக்க, உள்ளே நிரந்தரமாக இரும்பு லைனர் இறக்குவது. 12 போரை 12 போராகவே மீட்க, தாள் மாதிரி மெல்லிய லைனர் போடும் முறை இங்கே பேர்பெற்றது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது, எடையும் அவ்வளவாக ஏறாது. அதே யோசனையை 20 போருக்கும் நீட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18.5 மி.மீ. துளையை 15.6 ஆக்க, நடுவில் உள்ள வளையம் முழுவதும் இரும்பால் நிரம்ப வேண்டும். அந்த வளையத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மி.மீ. 28 அங்குலக் குழல் 711 மி.மீ. பெருக்கினால் ஒரு குழலுக்கு 55 கன செ.மீ. இரும்பு, எடை 430 கிராமுக்கு மேல். இரண்டு குழலுக்கும் சேர்த்தால் முக்கால் கிலோவைத் தாண்டிவிடும், அதுவும் மொத்தமும் முன்பக்கம். மூன்று கிலோ துப்பாக்கி நாலு கிலோவை நெருங்கும். தோளுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று 20 போர் கேட்ட பெண்ணுக்கு அதைக் கொடுத்தால் பத்து தட்டுக்குமேல் தூக்க மாட்டாள்.

அதனால் போர் மாற்றுவதற்கு என் கணக்கில் சரியான வழி மூன்றாவது. குழலை அடிப்பக்கம் ஒரு கை அகலம் விட்டு வெட்டி, அந்த அடிக்கட்டைக்குள் புது 20 போர் குழல்களை இறக்குவது. ஸ்லீவிங் என்று இங்கே சொல்வது இதைத்தான். புதுக் குழல் வெளிப்பக்கமும் 20 போர் கனத்திலேயே இருக்கும் என்பதால் எடை ஏறாது, சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 12 ஐ 12 ஆகவே ஸ்லீவ் போடும்போது, புதுக் குழாயின் சுவருக்கு இடம் வேண்டும் என்று அடிக்கட்டையைக் கணிசமாகக் குடைய வேண்டும். அங்கே இரும்பு மெலியும். 20 ஆக்கும்போது அப்படி இல்லை. 12 போரின் தோட்டா அறை வாயில் சுமார் 20.6 மி.மீ., 20 போரின் அறை 17.7 மி.மீ. பழைய அறையைத் துருவும் சாய்வும் போகிற அளவுக்குச் சுத்தம் செய்தாலே புதுக் குழாயின் சுவருக்குப் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. கிடைத்துவிடுகிறது. அடிக்கட்டையின் பழைய கனம் ஏறக்குறைய அப்படியே மேலே போர்த்தி நிற்கும். அழுத்தம் அதிகமாக வரும் இடத்தில் இரும்பு கூடுதலாக இருக்கிறது.

வெட்டி, இறக்கி, சேர்ப்பது

குழல் வெட்டும் நாளில் பட்டறையில் நான் ரேடியோ போடுவதில்லை. எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கையால் உரசிச் சரிசெய்த குழலை வெட்டுகிறோம். கொஞ்சம் மரியாதை வேண்டும்.

முன்கட்டை மாட்டும் கொக்கி எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வேன். அது புதுக் குழலில் அதே இடத்தில் உட்கார வேண்டும்; அரை மி.மீ. தள்ளினால்கூட முன்கட்டை இறுகும் அல்லது ஆடும். இரண்டு குழல்களையும் நீளவாக்கில் இணைக்கும் ரிப் பட்டைகளைச் சூடாக்கி எடுத்துவிட்டு, குழல்களை வெட்டி, அடிக்கட்டையை ஜிக்கில் அசையாமல் கட்டி, ரீமரால் துளையைக் குடைவேன். புதுக் குழாயின் முனையைக் கடைந்து, அடிக்கட்டைக்குள் பின்முகம் வரை போகும்படி நுழைப்பேன். தோட்டா அறை முழுக்கப் புது இரும்பிலேயே வெட்ட வேண்டும். அறையின் பாதியில் பழைய இரும்பும் புது இரும்பும் சேரும் கோடு வரக்கூடாது. ஒட்டுவதற்குச் சிலர் ஈய சோல்டர், சிலர் லோக்டைட் வகைப் பசை, சிலர் வெளி விளிம்பில் டிக் வெல்டிங் என்று போகிறார்கள். முறை எதுவானாலும் நுழைவின் இறுக்கம்தான் வேலையைத் தாங்குகிறது. எண்ணெய் தடவி வெறும் கையால் தள்ளினால் கடைசி ஓர் அங்குலத்தில் தயங்கித் தயங்கிப் போக வேண்டும். சளக்கென்று விழுந்தால் அந்தக் குழாயை ஓரமாக வைத்துவிட்டு வேறு கடைவேன்.

போர் மாறும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. இரட்டைக் குழலில் இரண்டு துளைகளும் இணையாகப் போவதில்லை. அடியில் விலகி, வாயை நோக்கி நெருங்கி வரும். 12 போர் சட்டத்தில் அடியில் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மாற்ற முடியாது, தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசிகள் அங்கேதான் அடிக்கும். முன்னால் குழல்கள் மெலிந்துவிட்டன. பழையபடி வாயில் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்தால் கோணம் கூடிவிடும்: வலது குழல் இடப்பக்கமும் இடது குழல் வலப்பக்கமும் சுடும். பழைய கோணத்தை வைத்துக்கொண்டு, வாயில் வரும் இடைவெளியை ரிப்பாலும் சிறு துண்டாலும் நிரப்புவதுதான் சரி. பார்வைக்குக் கொஞ்சம் அகலமாகத் தெரியும். அழகுக்காக நெருக்கித் தரச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை.

எக்ஸ்ட்ராக்டர்

எல்லோரும் மறக்கும் பாகம் இது. தோட்டாவின் பின்விளிம்பு 12 போரில் சுமார் 22.5 மி.மீ., 20 போரில் 19.5 மி.மீ. சுட்ட தோட்டாவைப் பிடித்துத் தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் பிறை 12 போர் விளிம்புக்கு வெட்டியது. குழலை மட்டும் மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டால் 20 போர் தோட்டாவின் விளிம்பு பிறைக்குச் சிக்காது, சிக்கினாலும் வழுக்கி உள்ளேயே நிற்கும். அப்புறம் பேனாக்கத்தியால் நெம்ப வேண்டியதுதான். பிறையில் இரும்பு வெல்டிங் வைத்து நிரப்பி, புது அறை ரீமரோடு சேர்த்தே திரும்ப வெட்ட வேண்டும். சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறியும் எஜெக்டர் உள்ள துப்பாக்கியானால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெறிக்கிறதா என்று வெற்றுத் தோட்டாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மையம் மாறவில்லை. இன்றைய 12 போர், 20 போர் தோட்டாக்களின் பின்னால் ஊசி அடிக்கும் கேப்பும் ஒரே அளவுதான்.

ரிப், கறுப்பு, ஒரு கசப்பான பாடம்

ரிப்பை ஈய சோல்டரில் ஒட்டுகிறோம். அந்தச் சோல்டரை ஒருபோதும் காரக் கொப்பரையில் கொதிக்க வைக்கக் கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், வேலை குவிந்திருந்த ஒரு டிசம்பரில், நான் ஸ்லீவ் போட்ட ஒரு ஜோடிக் குழலைக் கறுப்பு போடுவதற்கு (துரு ஏறாமல் மேல்பரப்பைக் கறுக்க வைப்பதற்கு) வெளிப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினேன். ரெண்டே நாளில் கரேலென்று மின்னத் திரும்பி வந்தது. மெதுவான துருக் கறுப்பு அப்படி மின்னாது, ரெண்டு நாளில் முடியவும் முடியாது. எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தத் துப்பாக்கி திரும்பி வந்தபோது ரிப் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. சூடான காரக் கரைசல் ஈயத்தைத் தின்று, ரிப்புக்கு அடியில் புகுந்து, உள்ளிருந்தே துருவை வளர்த்திருக்கிறது. ரிப் முழுவதையும் எடுத்து, சுத்தம் செய்து, திரும்பப் போட்டுக் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. அதிலிருந்து கறுப்பு என் பட்டறையில்தான்: துருத் திரவம் தடவி, ஈரப் பெட்டியில் வைத்து, வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி தடவி. ஏழெட்டு முறை. ஒரு வாரத்துக்குமேல் போகும், போகட்டும். எங்கே கொடுத்தாலும் "இரட்டைக் குழலுக்கு எப்படிக் கறுப்பு போடுகிறீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ரிப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று வாங்கும்போதே நீங்களே பார்க்கலாம். குழலைத் தனியாகக் கழற்றி, அடிக் கொக்கியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் நடுவில் தட்டுங்கள். ஒட்டு நன்றாக இருந்தால் கோயில் மணியின் கடைசி நாதம் மாதிரி ஓசை இழுத்துக்கொண்டு நிற்கும். எங்காவது விட்டிருந்தால் உடைந்த பானையைத் தட்டிய சத்தம் வரும்.

புரூஃப்

இது இல்லாமல் வேலை முடியவில்லை. 1868 ஆம் ஆண்டுச் சட்டப்படி, புரூஃப் ஆகாத துப்பாக்கியையோ புரூஃபுக்கு வெளியே போனதையோ விற்பது பிரிட்டனில் குற்றம். சோதிக்கும் வீடுகள் இரண்டு. லண்டனில் இருப்பது 1637 இல் அரச சாசனம் பெற்ற துப்பாக்கி செய்வோர் சங்கத்தினுடையது. பர்மிங்ஹாமில் இருப்பது 1813 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. பான்பரி தெருவில் இன்னும் அதே இடத்தில் இயங்குகிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டு, குழல் வீங்கியதா, மூட்டு விட்டதா என்று பார்த்து முத்திரை குத்துவார்கள். கறுப்பு போடுமுன், வெள்ளை இரும்பாக இருக்கும்போதே அனுப்புவது என் வழக்கம். ஏதாவது கெட்டால் ஒரு வார உழைப்பு வீணாகாது.

திரும்பி வந்ததும் குழலின் தட்டை முகத்தைப் பாருங்கள். புதுப் போர் எண், அறையின் நீளம், புது புரூஃப் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். குழலில் ஸ்லீவ்டு என்ற சொல்லும் வெட்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, விற்கும்போது விலை குறையும் என்று. குறையும்தான். விற்பதற்காக இந்த வேலையைச் செய்யாதீர்கள். சாதாரண பாக்ஸ்லாக் ஒன்றின் சந்தை விலையை விட வேலைக் கூலி கூடிப்போவது சகஜம். வீட்டில் ஒருவர் கையில் அது இன்னும் நாற்பது வருஷம் இருக்க வேண்டும் என்றால் செய்யலாம்.

புரூஃப் முடிந்ததும் 40 கஜத்தில் தகட்டைச் சுட்டுப் பார்ப்பேன். 30 அங்குல வட்டத்துக்குள் தோட்டாவின் சிறு உருண்டைகளான ரவையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்று எண்ண வேண்டும். சோக், அதாவது குழல் வாயில் உள்ள குறுக்கம், இல்லாத குழலுக்கு 40, கால் சோக்குக்கு 55, முழுச் சோக்குக்கு 70 என்பது பழைய அளவுகோல். சோக்கை முதலில் இறுக்கமாகவே விட்டு வைப்பேன். இறுக்கத்தைத் தளர்த்தலாம், தளர்ந்ததைத் திரும்ப இறுக்க முடியாது. ஸ்டீல் ரவை சுட நினைத்தால் அதை வேலை தொடங்குமுன்பே சொல்லுங்கள். அதிவேக ஸ்டீலுக்குத் தனிச் சோதனையும் லில்லிப்பூ முத்திரையும் உண்டு. பின்னால் நினைத்துக்கொண்டு வந்தால் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

காகிதம், தோட்டாப் பை

துப்பாக்கிச் சான்றிதழில் 12 போர் என்று எழுதியிருந்தால் காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். அந்த விவசாயி மகளுக்குக் கொடுப்பதாக இருந்ததால், மகளின் சான்றிதழில் ஏற்றி, இருவரும் 7 நாளுக்குள் தகவல் தர வேண்டும் என்றும் சொன்னேன். குழலின் நீளம் 24 அங்குலத்துக்குக் கீழே போனால் அது இந்தச் சான்றிதழுக்குள்ளேயே வராது. 28 இல் எடுத்து 28 இலேயே கொடுப்பதால் எனக்கு அந்தக் கவலை வந்ததில்லை. ஊரிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள், தாத்தா காலத்து எஸ்டேட் துப்பாக்கியை வைத்துக்கொண்டு. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றி அமைக்கவோ பழுது பார்க்கவோ தொழில் உரிமம் உள்ளவர்தான் கை வைக்கலாம். உரிமம் கொடுத்த அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். லேத் பட்டறையில் அல்ல.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 20 போர் தோட்டாக்களை மஞ்சளில் செய்கிறார்கள். அழகுக்காக இல்லை. மேலே சொன்ன அளவுகளைத் திரும்பப் பாருங்கள்: 20 போர் தோட்டாவின் விளிம்பு 19.5 மி.மீ., 12 போரின் அறை 20.6. அதாவது 12 போர் துப்பாக்கியில் 20 போர் தோட்டாவைப் போட்டால் விளிம்பு எங்கும் தங்காமல் உள்ளே வழுக்கிப் போய், அறைக்கு முன்னால் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டா ஒன்றைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இடது கை அந்த இடத்தில்தான் பிடித்திருக்கும்.

போர் மாற்றிய வீட்டில் இந்த ஆபத்து எப்படி வருகிறது என்றால், அதுவரை அந்த வீட்டில் 12 மட்டும்தான் இருந்திருக்கும். கோட்டுப் பையில், டிராக்டர் இருக்கைக்கு அடியில், சமையலறை இழுப்பறையில் எல்லாம் 12. இப்போது 20 உம் உள்ளே வருகிறது. வீட்டில் இன்னொரு 12 போர் துப்பாக்கியும் இருந்தால் கலப்பது நிச்சயம். அந்த விவசாயி துப்பாக்கியை வாங்க வந்தபோது அவருடைய கோட்டுப் பையைக் காலி செய்து காட்டச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார், ஆனாலும் செய்தார். சிவப்பில் மூன்று 12 போர், ஒரு பேனாக்கத்தி, கயிற்றுத் துண்டு, நடுவில் மகளின் மஞ்சள் தோட்டா ஒன்று. மேஜைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை.

மகளுக்கென்று தனிப் பை, பூட்டும் தனி அலமாரி, அந்தத் துப்பாக்கியின் உறையில் 20 என்று பெரிதாக எழுதிய தோல் பட்டை. இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, செய்கிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

முதல் இருநூறு தோட்டா சுட்டதும் குழலைக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். ஜூனில் அந்தப் பெண்ணே எடுத்து வந்தாள். வெளியே ஸ்லீவ் சேரும் கோட்டை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன். கோடு அப்படியே மூடித்தான் இருந்தது. எக்ஸ்ட்ராக்டரின் பிறையில் விளிம்பு பதிந்த தடம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. நூலைக் கட்டி அவள் கையிலேயே கொடுத்து, தட்டிப் பார் என்றேன். தட்டினாள். ஓசை அடங்கும்வரை இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.